பட்டும் தேனும் தராத பூச்சிகள்

காஞ்சிபுரத்தின் செவிலிமேட்டுத் தறிகளில் ஓடும் பட்டு எந்தப் புழுவிலிருந்து வருகிறது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் புழு சீனத்தில் பழக்கப்படுத்தப்பட்டது. இன்று பெரும்பாலும் கர்நாடகத்தில் வளர்க்கப்பட்டு, நூலாக இங்கே வந்து சேர்கிறது. பல ஆயிரம் ஆண்டு வளர்ப்பில் அதன் அந்துப்பூச்சி பறக்கும் வலுவையே இழந்துவிட்டது. இரை தின்பதில்லை, எந்தப் பூவையும் நாடுவதில்லை. அதே ஊரில் ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சம் மாமரம். மாம்பூவைப் பிஞ்சாக்குபவை பெரும்பாலும் ஈக்களும் சிறு தேனீக்களும்தான். அவற்றைப் பேர் சொல்லி அறிந்தவர் மிகச் சிலர். பூச்சிகளைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அவற்றால் கைக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கியதன் விளைவு இது என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் கல்வியின் தொடக்கத்தை ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம். 1910களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை வடிவமைத்து, கிராமத்தாரைப் பழக்கினார். அதுவரை தேன் எடுப்பதென்றால் புகைபோட்டுக் கூட்டைப் பிழிவதுதான். பெட்டியின் மரச்சட்டங்களைக் கழற்றித் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை வாழவிடலாம் என்று காட்டியது பெரிய பணி. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அதை ஏழைக் குடும்பங்களின் துணைத்தொழிலாக்கினார். வருமானம் இல்லாமல் யார் பூச்சியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்தக் காலத்துக்கு அந்த வழி சரி. ஆனால் நூறாண்டு கழிந்தும் பாடம் பெட்டியைத் தாண்டவில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற தேனீ நச்சுயிரி தென்னிந்தியப் பெட்டிகளைக் காலிசெய்தபோது, பேச்சு முழுவதும் தேன் இழப்பைப் பற்றியே இருந்தது. பூச்சியின் பயன் தேனோடு முடிவதில்லை: கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனித்துளை வழியாகத்தான் தூளை உதிர்க்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் வந்தால் காய்ப்பு கூடும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தேன் தராததால், அதிரவைக்கும் இவை இரண்டும் பாடத்தில் இடம்பெறவில்லை.

காஞ்சிபுரம் கோயில் ஊர்தானே, நந்தவனங்கள் இவற்றைக் காத்துவந்தனவே என்று ஒரு மறுப்பு வரும். பாதி உண்மை. துளசியின் பூங்கதிரில் தேனீக்கள் மொய்ப்பது உண்மைதான். ஆனால் மல்லிகையை மொட்டிலேயே பறித்துவிடுகிறோம். அதில் பூச்சிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதோடு பூ மட்டும் போதாது, கூடு கட்ட இடமும் வேண்டும். நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் மண்கரையிலும் துளையிட்டு முட்டையிடும். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் தேவை. சிமென்ட் பூசிய சுற்றுச்சுவருக்குள் இவை இரண்டுக்கும் இடமில்லை. செவிலிமேட்டுப் பள்ளிகள் தோட்டத்தில் நாலு கத்தரிச் செடி வைத்து, ஓரமாக ஒரு மண்திட்டைப் பூசாமல் விட்டு, பூவுக்கு வருவது எது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லட்டும். பூச்சிமருந்தை மட்டும் அங்கே அடிக்க வேண்டாம்.