இன்டியூஷன் என்ற சொல்லும் 820 என்ற விடையும்

தரம் 9 தவணைப் பரீட்சைக்கு ஒருமுறை இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தோம்: 1 முதல் 40 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை என்ன? பின் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை செய்கை எதுவும் காட்டாமல் 820 என்று மட்டும் எழுதியிருந்தான். விடை சரி. எப்படி வந்தது என்று கேட்டோம். "சும்மா தெரிஞ்சிச்சி சேர்" என்றான். அவனுக்கு முன்னால் இருப்பது வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. பார்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்று எமது மனம் சொன்னது. சைபர் போட்டோம். ஆசிரியர் அறையில் ஒருவர் காரணம் கேட்டபோது, "எல்லாம் ஒரு இன்டியூஷன்தான்" என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம்.

அந்தச் சொல்லின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தோம்.

இன்டியூஷன் இலத்தீன் மொழியில் இருந்து வந்தது. அதன் மூல வினைக்கு உற்றுப் பார்த்தல் என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது சமய நூல்களின் சொல்லாகவே இருந்தது. இடையில் எதுவும் நிற்காமல் உள்ளத்தால் நேரே காண்பதை அது குறித்தது. 1690இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜோன் லொக் அதற்கு மிக எளிய உதாரணங்கள் கொடுத்தார். வெள்ளை கறுப்பல்ல, வட்டம் முக்கோணமல்ல. இவற்றை அறிய நிறுவல் தேவையில்லை, கண்டவுடன் தெரியும். நீண்ட நிறுவலிலும் ஒவ்வொரு படியை இப்படிக் கண்டுதான் அடுத்த படிக்குப் போகிறோம் என்றார் அவர். கணிதம் படிப்பிக்கும் எமக்கு அந்த இடத்தில் கொஞ்சம் சுட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு, ஹன்ச். கூனைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிய அமெரிக்கச் சூதாடிகளின் பேச்சில் இருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். ஆசிரியர் அறையில் நாம் சொல்லியிருக்க வேண்டியது உண்மையில் அந்தச் சொல்லைத்தான்.

இதே விடயத்தை லொக்குக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அரபியில் எழுதியவர் இப்னு ஸீனா (980–1037). அவர் பாவித்த சொல் ஹத்ஸ். சாதாரண அரபியில் அதற்கு ஊகம் என்று பொருள். அவர் அதற்குக் கனமான ஒரு அர்த்தம் கொடுத்தார். கேள்விக்கும் விடைக்கும் நடுவே அவற்றை இணைக்கும் ஒரு காரணம் இருக்குமல்லவா? அந்தக் காரணத்தை ஆசான் சொல்லித்தராமலே மனம் சட்டென்று எட்டிப் பிடிப்பதுதான் ஹத்ஸ். பிறை தேய்ந்து வளர்வதையும், அதன் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனை நோக்கி இருப்பதையும் பார்க்கும் ஒருவர், சந்திரனுக்கு ஒளி சூரியனில் இருந்தே வருகிறது என்று பிடித்துக்கொள்வது இதற்கு உதாரணம். ஆக, இங்கே காரணம் இல்லாமல் போகவில்லை. அது வேகமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இது ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்றும் அவர் எழுதினார்.

அவரும் சும்மா இருந்து பிடித்தவரல்ல. அரிஸ்டோட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது தடவை வாசித்து, மனப்பாடமே ஆகிவிட்ட பிறகும் விளங்கவில்லை என்று தன் வரலாற்றில் சொல்கிறார். கடைவீதியில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய அல்-பாராபியின் சிறு நூல்தான் கதவைத் திறந்தது. நாற்பது தடவை வாசித்திராதவருக்கு அந்த மூன்று திர்ஹம் நூல் என்ன செய்திருக்கும்?

விடை மட்டும் எழுதிய ஒரு பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு வரலாற்றில் நல்லதொரு சம்பவம் இருக்கிறது. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிறுவல் ஏறக்குறைய இல்லை. ஹார்டிக்கும் முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் நண்பர் லிட்டில்வூட்டுடன் உட்கார்ந்து கடிதத்தைப் பரிசோதித்தார். நிறுவல்களை அனுப்புங்கள் என்று பதில் எழுதினார். அடுத்த வருடம் ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். முதன்மை எண்கள் பற்றி அவர் எழுதியவற்றில் சில பிழை என்பதும் தெரியவந்தது. ஹார்டி அதையும் மறைக்கவில்லை, அதற்காக மனிதரைத் தள்ளிவிடவும் இல்லை. அவர் கேட்டது எப்படி என்று. நாமும் அதே கேள்வியைத்தான் கேட்டோம், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பரீட்சை முடிந்து சில வாரங்களின் பின் ஒரு மரக்காலைக்குப் போக வேண்டி வந்தது. அங்கே அந்தப் பிள்ளையின் வாப்பா வேலை செய்கிறார். உருண்டைக் கம்புகளை மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று என்று அடுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைதான் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான். உச்சி வரிசையையும் அடி வரிசையையும் விரலால் சோடி சேர்த்தான், பிறகு அடுத்த இரண்டை. எல்லாச் சோடியும் ஒரே அளவு. நாற்பது வரிசை என்றால் இருபது சோடி, சோடிக்கு நாற்பத்தொன்று.

அதை ஒரு செய்கை என்று எழுதலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் புள்ளிப் பதிவேட்டைத் திருத்தினோம். அவனிடம் மன்னிப்புக் கேட்க எமக்கு இன்னும் இரண்டு நாள் எடுத்தது.