ஆணி அறையாத மிம்பர்

மரத்தளபாடமொன்றின் ஆயுளை மரத்தின் வைரத்தைக் கொண்டே நாம் மதிப்பிடுகிறோம். பொருத்துகளுக்கும் அதில் சமபங்குண்டு என்பேன். அல்-அக்ஸாவின் பழைய மிம்பர் இதற்கு நல்ல சான்று.

சுல்தான் நூருத்தீன் ஸங்கியின் ஆணைப்படி 1168-69இல் ஹலப் நகரத் தச்சர்கள் அதன் வேலையைத் தொடங்கினர். பைத்துல் முகத்தஸ் அப்போது சிலுவைப் படையினரின் வசமிருந்தது. மீட்கப்படாத பள்ளிக்கென மிம்பர் செய்வித்த நூருத்தீன் 1174இல் காலமானார். 1187இல் நகரை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபியே அதனை அங்கு கொண்டுசேர்த்தார்.

அதன் பக்கங்களில் நட்சத்திரமும் பலகோணமுமாக வெட்டிய சிறு துண்டுகள், ஆணியோ பசையோ இன்றி, நாக்கும் காடியுமாக ஒன்றையொன்று கவ்வி நின்றன. ஈரப்பதனுக்கேற்ப மரம் குறுக்குவாட்டில் உப்பும், சுருங்கும். அகன்ற பலகையை அசையவிடாது அறைந்தால் வெடித்துவிடும். சிறு துண்டுகளோ காடிக்குள் சற்றே அசைய இடம் பெறுகின்றன. மிம்பர் 800 ஆண்டுகள் நின்றதில் இந்த நெகிழ்வுக்குப் பெரும் பங்குண்டு.

1969 ஆகஸ்ட் 21இல் அவுஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீ அதனை அழித்தது. எஞ்சிய சில துண்டுகளையும் பழைய புகைப்படங்களையும் கொண்டு வடிவக் கணக்கை மீளக் கண்டறிய வேண்டியிருந்தது. ஜோர்தானில் 16,000இற்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோத்துச் செய்த புதிய மிம்பர் 2007இலேயே அல்-அக்ஸாவை அடைந்தது.

எரிந்த மரத்துக்கு மாற்று மரம் கிடைத்துவிடும். பொருத்தும் அறிவைத் தேடவே நாட்கள் சென்றன. நம் ஊர்த் தச்சர்களின் கைப்பழக்கத்தையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்போம்.