விழிப்பிலிருந்து துயிலுக்கு: லாவெண்டர் எண்ணெயின் வரலாறு

தலையணையில் ஓரிரு சொட்டு விடுவதற்கும், படுக்கையறையில் ஆவியாக்குவதற்கும், உறங்குமுன் நெற்றியிலும் கழுத்திலும் தடவுவதற்கும் இன்று விற்கப்படும் நறுமண எண்ணெய்களுள் லாவெண்டர் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. மனத்தைத் தளர்த்தி உறக்கத்தை வரவழைப்பது அதன் தொன்றுதொட்ட குணம் என்ற எண்ணமும் அந்தக் குப்பியோடு சேர்ந்தே விலைபோகிறது. ஆனால் ஐரோப்பிய மூலிகை நூல்களையும் மருந்துச் செய்முறைத் தொகுப்புகளையும் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் காலம் இதே மணம் மயங்கி விழுந்தவரை எழுப்புவதற்கும், குளிர்ச்சியால் மந்தமானதாகக் கருதப்பட்ட மூளைக்குச் சூடேற்றுவதற்குமே பெரிதும் பயன்பட்டது தெரியவருகிறது. எழுப்பும் பொருள் உறங்கவைக்கும் பொருளாக மாறியதற்குச் செடியில் நேர்ந்த எந்த மாற்றமும் காரணமன்று. மருத்துவக் கோட்பாட்டின் வீழ்ச்சி, துணிப்பெட்டி வழக்கம், தென்பிரான்சின் மலை உழவு, இருபதாம் நூற்றாண்டின் தூக்க மாத்திரைகள் ஆகிய நான்கும் வெவ்வேறு காலங்களில் அதன் பயனைத் திருப்பிவிட்டன.

நறுமண எண்ணெய் என்பது நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போலச் செக்கிலிட்டுப் பிழியப்படும் கொழுப்பன்று. பூ, இலை, பட்டை, வேர் ஆகியவற்றின் நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கும், எளிதில் ஆவியாகும் பல வேதிப்பொருள்களின் கலவை அது. செடியை வாலை என்னும் வடிகலத்தில் இட்டு நீராவி செலுத்தும்போது அக்கலவை ஆவியோடு கலந்து மேலெழுகிறது; குளிர்நீர் சூழ்ந்த சுருள்குழாய் வழியே அது இறங்கிக் குளிர்ந்ததும், நீரைவிட இலேசான எண்ணெய் மேலே மிதக்க, அடியில் மணநீர் தங்குகிறது. லாவெண்டரைப் பொறுத்தவரை ஒரு கிலோ எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பூங்கதிர்கள் தேவைப்படுகின்றன. எண்ணெயின் பெரும்பகுதி லினலூல், லினலைல் அசிட்டேட் என்னும் இரண்டு பொருள்களால் ஆனது. இவற்றுள் லினலூல் லாவெண்டருக்கு மட்டும் உரியதன்று, தமிழர் சமையலறையின் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் அதுவே முதன்மைப் பொருள்.

வடிக்கும் கலை அலெக்சாந்திரியாவிலும் பின்னர் அரபு நாடுகளிலும் வளர்ந்து ஐரோப்பாவை அடைந்தது. 1500இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஹிரோனிமஸ் புருன்ஷ்விக் வெளியிட்ட வடித்தல் நூல் அச்சேறிய பிறகு, துறவிமடங்களுக்குள்ளும் மருந்தாளர்களிடமும் இருந்த அந்தத் திறன் பரவலாயிற்று. ஆனால் அக்காலத்து மருத்துவர்கள் லாவெண்டரை எடைபோட்ட அளவுகோல் வேறு. உடலின் நலம் நான்கு சாறுகளின் சமநிலையில் அமைந்துள்ளது என்றும், ஒவ்வொரு மூலிகையும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய குணங்களால் அச்சமநிலையை மாற்றுகிறது என்றும் கொண்ட கிரேக்க மரபில், லாவெண்டர் வெப்பமும் வறட்சியும் உடைய செடி. எனவே 1551இல் வெளிவந்த தம் மூலிகை நூலில் வில்லியம் டர்னர், குளிர்ச்சியால் வரும் தலைநோய்களுக்கு லாவெண்டர்ப் பூக்களைக் குல்லாயில் வைத்துத் தைத்து அணியப் பரிந்துரைத்தார். 1597இல் ஜான் ஜெரார்ட், அடிக்கடி மயங்கி விழுவோரின் நெற்றியையும் பொட்டுகளையும் லாவெண்டர் மணநீரால் நனைக்கலாம் என எழுதினார். வெப்பமூட்டும் மருந்தைத் தூக்கமின்மைக்குத் தருவது அந்தக் கோட்பாட்டுக்கு முரணானது. தூக்கத்துக்கு உரியவையாக அபினி, கசகசா, கீரை வகைகளுள் லெட்யூஸ் போன்ற குளிர்ச்சிப் பொருள்களே கருதப்பட்டன.

இந்த விழிப்பூட்டும் மரபின் நீண்ட எச்சமே, பிரித்தானிய மருந்துச் செய்முறைத் தொகுப்பில் இடம்பெற்றிருந்த கூட்டு லாவெண்டர் டிங்சர். மக்கள் வழக்கில் லாவெண்டர்ச் சொட்டு எனப்பட்ட இது, லாவெண்டர் எண்ணெயையும் ரோஸ்மேரி எண்ணெயையும் சாராயத்தில் கரைத்து, அதில் இலவங்கப்பட்டையும் சாதிக்காயும் சேர்த்துச் செய்யப்பட்டது. சர்க்கரைக் கட்டியில் சில சொட்டு விட்டு, மயக்கம், படபடப்பு, வயிற்றுப் பொருமல் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் சிவப்பு நிறம் செஞ்சந்தனக் கட்டையிலிருந்து வந்தது. கடப்பை, சித்தூர் உள்ளிட்ட ஆந்திர மலைகளிலும் அவற்றை ஒட்டிய தமிழகச் சரிவுகளிலும் அன்றி வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளராத அம்மரம், சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகச் சாயப்பொருளாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று; ஆங்கிலச் சீமாட்டியின் மயக்கம் தெளிவித்த சொட்டுமருந்து தன் நிறத்துக்குத் தென்னிந்தியக் காட்டை நம்பியிருந்தது.

மருத்துவர்கள் இவ்வாறு கருதியிருந்த அதே காலத்தில், வீட்டுப் பெண்கள் வேறொரு காரணத்துக்காக லாவெண்டரைப் படுக்கைக்குக் கொண்டுவந்தனர். உலர்ந்த பூக்கதிர்களைத் துணிப்பெட்டியில் இட்டால் கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி அண்டாது என்பதாலும், துவைத்த துணியில் மணம் தங்கும் என்பதாலும் போர்வைகளுக்கும் விரிப்புகளுக்கும் நடுவே அதை வைத்தனர். 1653இல் வெளியான ஐசக் வால்டனின் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய நூலில், நல்ல விடுதிக்கு அடையாளமாக லாவெண்டர் மணக்கும் விரிப்புகள் குறிப்பிடப்படுகின்றன. இவ்வழக்கில் உறக்கமருந்து என்ற நோக்கம் முதன்மையாக இல்லை. பூச்சியும் பேனும் அழுக்கும் இல்லாத படுக்கை என்பதே அம்மணம் தந்த உறுதி. எனினும் தலைமுறை தலைமுறையாகத் தூய விரிப்பில் தலைசாய்த்தவர்களுக்கு அந்த மணமும் இரவின் ஓய்வும் பிரிக்கமுடியாதவை ஆயின. பிற்காலத்துத் தலையணைச் சொட்டுக்கு அடித்தளம் மருத்துவ நூலில் அல்லாமல் இந்தத் துணிப்பெட்டியிலேயே இடப்பட்டது.

இத்தேவையை நிறைவுசெய்ய இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்து மிச்சம் என்னும் ஊர் லாவெண்டர் வயல்களால் பெயர்பெற்றது. 1749இல் அங்கு நிறுவப்பட்ட பாட்டர் அண்டு மூர் வடிப்பகம் லாவெண்டரோடு புதினா எண்ணெயையும் வடித்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரம் வளர்ந்து வயல்களை விழுங்கியதால், எண்ணெய் வணிகத்தின் மையம் தென்பிரான்சின் புரோவான்ஸ் மலைப்பகுதிக்கு நகர்ந்தது. அங்கு கிராஸ் நகரத்துத் தோல் பதனிடுவோர் கையுறைகளுக்கு மணமூட்டத் தொடங்கிப் பின்னர் வாசனைத் தொழிலையே முதன்மையாக்கிக் கொண்டிருந்தனர். அவர்களுக்கான லாவெண்டர் முதலில் பயிரிடப்படவில்லை. பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்கு இறங்கியதால் கைவிடப்பட்ட மலைவயல்களில் அது தானாகப் பரவியது. கோடையில் உழவர்களும் இடையர்களும் அரிவாளால் அறுத்துச் சேர்த்த கதிர்களை, ஓடைக்கரைகளில் நிறுத்தப்பட்ட செம்பு வாலைகளில் விறகுத்தீயிட்டு வடித்தனர்.

அந்தப் பழைய வாலையில் பூவும் நீரும் ஒன்றாகக் கொதித்தன. அவ்வாறு கொதிக்கும்போது லினலைல் அசிட்டேட் என்னும் எஸ்டரின் ஒரு பகுதி சிதைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில், தனிக் கொதிகலனிலிருந்து நீராவியை மட்டும் பூக்குவியலுக்குள் செலுத்தும் முறை பரவியபோது, மென்மையான கனிமணம் தரும் அந்த எஸ்டர் கூடுதலாகக் காக்கப்பட்டது. எண்ணெயின் தரமும் விலையும் எஸ்டர் அளவைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டன. வகைகளின் வேறுபாடும் வணிகத்தில் கூர்மையடைந்தது. உயர்ந்த சரிவுகளில் வளரும் நுண்லாவெண்டர், தாழ்ந்த வெளிகளில் வளரும் கற்பூர நெடி மிக்க ஸ்பைக் லாவெண்டர், இரண்டும் கலந்து பிறந்த லாவண்டின் என மூன்று வகை உண்டு. விதை தராத லாவண்டின் பதியன்களால் பெருக்கப்பட்டாலும் பன்மடங்கு எண்ணெய் தருவதால், சவர்க்காரத்துக்கும் சலவைப் பொருள்களுக்கும் அதுவே பயன்படலாயிற்று. மலை உழவர்களின் நுண்லாவெண்டரைக் காக்க, ஓத் புரோவான்ஸ் லாவெண்டர் எண்ணெய்க்கு 1981இல் பிரெஞ்சு அரசு புவிசார் பெயருரிமை வழங்கியது.

புதிய மருத்துவப் பயன் ஒன்றை இந்த எண்ணெய்க்குத் தேடியவர் லியோன் நகரத்து வாசனைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கத்ஃபோசே. 1910இல் தம் ஆய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் தீக்காயமுற்ற கையை அவர் அருகிலிருந்த லாவெண்டர்த் தொட்டியில் தற்செயலாக முக்கினார் என்றும், வலி உடனே பறந்தது என்றும் இன்று எங்கும் சொல்லப்படும் கதை, அவரே எழுதிவைத்ததோடு பொருந்தவில்லை. காயங்களில் வாயு அழுகல் நோய் பரவிய பிறகே தெரிந்தே லாவெண்டர் எண்ணெயால் கழுவியதாகவும், அது அழுகலை நிறுத்தியதாகவும் அவர் குறிப்பிட்டார். 1937இல் அரோமாதெரபி என்ற பெயரில் அவர் வெளியிட்ட நூலின் அக்கறை கிருமிக்கொல்லியைப் பற்றியதேயன்றி உறக்கத்தைப் பற்றியதன்று. இந்தோசீனப் போரில் பணியாற்றிய இராணுவ அறுவை மருத்துவர் ழான் வால்னே 1964இல் எழுதிய நூலும் புண்களையும் தொற்றுகளையுமே முன்னிறுத்தியது.

எண்ணெய் நரம்புமண்டலத்தின் பக்கம் திரும்பியது வேறொரு வழியில். 1923இல் இத்தாலியில் கத்தி, கயோலா என்னும் இரு மருத்துவர்கள் நறுமணச் சாறுகள் நரம்புகளைக் கிளர்த்துவதையும் அமைதிப்படுத்துவதையும் ஆராய்ந்து எழுதினர். ஆஸ்திரியாவில் பிறந்து பிரான்சில் பணிபுரிந்த மார்கெரித் மோரி, எண்ணெயை உட்கொள்ளக் கொடுப்பதைத் தவிர்த்து, தாவர எண்ணெயில் கலந்து முதுகெலும்பை ஒட்டி நீவிவிடும் முறையை வகுத்து 1961இல் நூலாக்கினார். அவருடைய மாணவியர் வழியாக லண்டனின் அழகுநிலையங்களில் வேரூன்றிய அம்முறை, 1977இல் ராபர்ட் டிசராண்டின் ஆங்கில நூலால் பரவலான வாசகர்களை அடைந்தது. காலமும் அதற்கு இசைவாக இருந்தது: 1960களில் புழக்கத்துக்கு வந்த பென்சோடயசெப்பின் வகைத் தூக்க மாத்திரைகள் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்குவது தெளிவானதும், 1988இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தரவேண்டாம் என அறிவுறுத்தியது. மாத்திரையைக் கைவிட விரும்பியோருக்கு, பாட்டியின் விரிப்பில் மணத்த எண்ணெய் அச்சமில்லாத மாற்றாகத் தோன்றியது.

லாவெண்டர் உண்மையில் உறங்கவைக்குமா என்ற கேள்வியை ஆய்வகமும் அதன்பின் ஏற்றது. ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு 1984இலேயே லாவெண்டர்ப் பூவை அமைதியின்மைக்கும் உறக்கம் வரத் தாமதமாவதற்கும் ஏற்றிருந்தது. 1991இல் வியன்னா ஆய்வாளர்கள், எண்ணெயை முகர்ந்த எலிகளின் ஓட்டம் தணிவதைக் காட்டினர். 1995இல் லான்செட் இதழில் வெளிவந்த சிறு ஆய்வில், நீண்டகாலம் தூக்க மாத்திரை உட்கொண்ட முதியோர் நால்வருக்கு அதை நிறுத்தியபின் குறைந்த உறக்கம், அறையில் லாவெண்டர் மணம் பரப்பியபோது மீண்டது. நால்வர் என்பது முடிவுக்குப் போதாத எண்ணிக்கை. மணத்தை மறைத்து ஒப்பிட இயலாதது இத்துறை ஆய்வுகள் பலவற்றுக்கும் பொதுவான இடர். 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார், லினலூலை முகர்ந்த எலிகளின் பதற்றம் தணிவதையும், மோப்பத்திறன் இழந்த எலிகளிடம் அவ்விளைவு தோன்றாததையும் கண்டனர். இரத்தத்தில் கலந்தல்ல, மூக்கின் வழியாகவே அது செயல்பட்டது என்பது இதன் பொருள்.

2012இல் ஐரோப்பிய மருந்து முகமை லாவெண்டர் எண்ணெயை மன அழுத்தத்தையும் களைப்பையும் தணிக்கவும் உறக்கத்துக்கு உதவவும் ஏற்றபோது, மருத்துவச் சோதனைகளின் வலுவை அன்றி, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வழக்கத்தையே அடிப்படையாகக் குறித்தது. அந்த வழக்கமோ இவ்வரலாற்றின் மிக இளைய பகுதி. லாவெண்டர் எண்ணெய் உற்பத்தியில் பல்கேரியா பிரான்சை விஞ்சிய இக்காலத்தில், 2016இல் தொடங்கிய இந்திய அரசின் நறுமணத் திட்டத்தின்கீழ் ஜம்முவின் பதர்வா மலைச்சரிவுகளிலும் சோளத்துக்குப் பதில் லாவெண்டர் நடப்படுகிறது. அவ்வுழவர்கள் விற்பது பழைய மருத்துவம் மூளையை எழுப்பப் பயன்படுத்திய அதே எண்ணெய்தான்; அதற்கு மென்மையாக அமைதிப்படுத்தும் ஆற்றல் ஓரளவு உண்டு என்பதை ஆய்வுகள் சுட்டுகின்றன என்றாலும், அந்த ஆற்றலை உறக்கம் என்று பெயரிட்டுப் படுக்கையருகே நிறுத்தியது மனிதப் பழக்கமும் வணிகமுமே. இதை உணர்ந்து பயன்படுத்துவோர் அதைத் தூய விரிப்பு, மங்கிய விளக்கு, ஒழுங்கான நேரம் ஆகியவற்றோடு சேர்ந்த துணைப்பொருளாகக் கொள்வரே அன்றி, நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவரின் இடத்தில் வைக்கமாட்டார்கள்.