செருப்புப் பணமும் இரண்டரை மணி நேரமும்

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சேவியர் கோவாவிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். கரை நீளம், ஊர்கள் பல, அவருக்கோ தமிழ் தெரியாது. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணங்களைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம்? போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று இதே கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார் சேவியர்.

மதமாற்ற வரலாறு தனிக்கதை. எனக்கு இதில் பிடித்தது அந்த ஏற்பாடுதான்: பெரிய படிப்பில்லாத உள்ளூர் ஆள், கொஞ்சம் பயிற்சி, வீடுவீடாகப் போகும் வேலை. நானூற்றைம்பது வருஷம் கழித்து, முதுமை மறதி நோய் விஷயத்தில் இந்தியா இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதுவும் பெருநகர ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. 1992-இல் கேரளத்தின் குன்னங்குளம் என்ற சிற்றூரில் டாக்டர் ஜேக்கப் ராய் 'அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா'வைத் தொடங்கினார். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். அது பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. கோபத்தை இவ்வளவு சுருக்கமாகப் பெயராக்கிய குழு வேறு இருக்குமா தெரியவில்லை.

அதே குன்னங்குளம் பக்கம், தலப்பிள்ளி தாலுகாவில், அங்கன்வாடி ஊழியர்களுக்கு இரண்டரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் தெருவில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவர்கள் சுட்டியவர்களை மருத்துவர்கள் பரிசோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நோய் உறுதியானது. 2002-இல் இது வெளியானது. ஸ்கேன் இல்லை, லேப் இல்லை. எந்த வீட்டுப் பெரியவர் அடுப்பை அணைக்க மறக்கிறார், யார் வழி தெரியாமல் நிற்கிறார் என்பது தெருவில் புழங்குகிற பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

குடும்பத்துக்குத் தெரியாதா? இங்கேதான் சிக்கல். 10/66 குழு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் எடுத்த கணக்கு 2008-இல் வந்தது. வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி கிராமங்களில் டிமென்ஷியா 1 சதவீதத்துக்கும் குறைவு! சந்தோஷப்பட வேண்டியதில்லை. அந்த அளவுகோல், பெரியவரின் அன்றாட வேலைகள் கெட்டிருக்கின்றனவா என்று வீட்டாரிடம் கேட்கும். நம் வீடுகளில் சோறு போடுவதும் வேட்டி எடுத்துக் கொடுப்பதும் மரியாதை. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவோம். சாப்ட்வேரில் இதை ஃபால்ஸ் நெகடிவ் என்போம். பாசம் இருக்கும் வீட்டில்தான் நோய் நன்றாக ஒளிந்துகொள்கிறது. பெரும்பாலும் ஒரு மருமகளின் தூக்கத்துக்குப் பின்னால்.

பள்ளிக்கூடம் போகாதவர்களையும் சரியாக அளக்கும்படி கேள்விகளை மாற்றியதுதான் 10/66-இன் பெரிய வேலை. தூத்துக்குடியை வைத்து யோசித்துப் பாருங்கள். இன்று என்ன தேதி என்றால் விழிக்கும் பழைய கடலாடி, என்ன பிறை, காத்து கச்சானா கொண்டலா என்றால் டக்கென்று சொல்வார். அதையும் தப்பாகச் சொல்லும் நாள்தான் கவலைப்பட வேண்டிய நாள். பிறந்த வருஷம் தெரியாது என்பவரிடம், 1955-இலிருந்து 61 வரை நடந்த முத்துக்குளிப்பின்போது என்ன வயசு என்று கேட்கலாம். அந்தக் கடைசி வருஷம் இருபது வயதில் தோணியேறியவர் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்.

கண்டுபிடித்த பிறகு? சேவியர் கிளம்பி வந்த கோவாவிலேயே அமித் டயஸ் குழு 81 குடும்பங்களோடு ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டது. ஒரு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கே போனார்கள். இது நோய், பிடிவாதமில்லை என்று விளக்கினார்கள். ராத்திரி எழுந்து நடப்பவரை எப்படிச் சமாளிப்பது, எந்த அரசு உதவிக்கு எழுதிப்போடுவது என்று சொன்னார்கள். தேவைப்பட்டபோது மனநல மருத்துவரிடம் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் நோய் ஒன்றும் குணமாகிவிடவில்லை. ஆனால் பார்த்துக்கொள்பவர்களின் மன அழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது.

முத்துக்குளித்துறையில் கணக்கப்பிள்ளை இன்று இல்லாமல் போகலாம். அங்கன்வாடி டீச்சர் இருக்கிறார். இரண்டரை மணி நேரத்தை அவருக்கு யார் ஒதுக்குவது, அதற்குப் பின் அவர் தட்டும் கதவுகளுக்கான காசை எந்தச் செருப்புக் கணக்கிலிருந்து எடுப்பது என்பதுதான் பாக்கி.