வங்கக் கடலின் மழையும் மேற்குச் சென்னை ஏரிகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கரை போட்டுத் தேக்கித்தான் இந்த ஊர்கள் பிழைத்தன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் வெள்ளத்தைத் திருப்பி, புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொண்டுசெல்கிறார்கள். அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. மழையின் பழைய கணக்கு இங்கே ஏரிக்குள்ளேயே இருந்தது. மதகடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கலங்கல் எப்போது வழிந்தது என்பதுதான் ஊர் அறிந்த அளவு.

கருவியால் அளக்கும் வழக்கம் நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் அங்கே வானாய்வகம் கட்டியது. அதற்குக் காரணமான மைக்கேல் டாப்பிங், ஏரிகளையும் நீர்வழிகளையும் பழுதுபார்க்கும் பணிக்கும் பொறுப்பாளராக இருந்தார். விண்மீனும் ஏரிக்கரையும் ஒரே மனிதரின் கவனத்தில் இருந்தது தற்செயலல்ல. மழை பொய்த்தால் வரி வராது என்பதைக் கம்பெனி நன்றாக அறிந்திருந்தது. 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. 1875-ல் இந்திய வானிலைத் துறை உருவான பிறகு, எங்கும் ஒரே முறையில் மழை அளக்கும் ஒழுங்கு வந்தது.

அந்த முறை இன்றும் மாறவில்லை. திறந்தவெளியில் தரையில் ஊன்றிய உருளை, மேலே புனல், உள்ளே சேமிப்புக் கலம். காலை 8.30 மணிக்கு ஊழியர் கலத்தை எடுத்து, கோடு போட்ட அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து மில்லிமீட்டரைப் படித்து எழுதுகிறார். நுங்கம்பாக்கத்தில் 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்தது என்று நூறாண்டு கழித்தும் சொல்ல முடிவது இந்த எளிய வேலையால்தான்.

ஆனால் மழைமானி பெய்து முடிந்ததைத்தான் சொல்லும். செம்பரம்பாக்கத்தை நிரப்பும் மேகம் வங்கக் கடலில் திரள்கிறது. கடலில் நிலத்தைப் போலப் பரவலாக மழைமானி வைக்க முடியாது. அந்தப் பக்கத்துச் செய்தி நெடுங்காலம் கப்பல்களின் குறிப்புகளிலிருந்தே வந்தது. 1960 ஏப்ரல் 1-ல் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 செயற்கைக்கோள் மேகங்களைப் படம்பிடித்து அனுப்பியபோதுதான் கடலுக்கு மேலான வானம் முதன்முதலாகத் தெரியத் தொடங்கியது. இந்தியாவின் முதல் இன்சாட் 1982-ல் சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி நிலைத்தது; புவியோடு சேர்ந்து சுழன்றபடி இந்தியப் பெருங்கடலை ஓயாமல் பார்த்தது. தொலைக்காட்சிச் செய்தியின் முடிவில் வந்த மேகப்படம் அதன் கொடை. பின்னர் 2002-ல் கல்பனா-1, 2013-ல் இன்சாட்-3டி, 2024-ல் இன்சாட்-3டிஎஸ் என்று அந்த வரிசை நீண்டது.

மேகத்தைப் பார்ப்பது வேறு, மழையை அளப்பது வேறு. அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அளக்கிறது. குளிர்ந்த மேகம் உயரமானது, உயரமான மேகம் நிறையப் பெய்யும் என்பது அதன் கணிப்பு. மெல்லிய கீற்று மேகமும் உயரத்தில் குளிர்ந்தே இருப்பதால் கணிப்பு தவறுவது உண்டு. நுண்ணலை மேகத்தை ஊடுருவும். அமெரிக்காவும் ஜப்பானும் 1997 நவம்பரில் அனுப்பிய டிஆர்எம்எம் விண்வெளியிலிருந்து மழையை அளந்த முதல் ரேடாரைச் சுமந்தது. 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 20 பாகைச் சாய்வில் சுற்றி, வெப்பமண்டலத்தை ஒரே நாளில் பலமுறை கடந்தது. அதன் முதன்மைக் கருவியின் பெயர் மெட்ராஸ். அக்கருவி 2013-லேயே பயன்படாமற்போனது பெரும் இழப்பு. ஈரப்பதம் அளந்த சஃபீர் அதன்பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது. 2014 பிப்ரவரியில் வந்த, உலக மழையை அளக்கும் ஜிபிஎம் திட்டத்தின் மையச் செயற்கைக்கோள் பல நாடுகளின் செயற்கைக்கோள்களை ஒரே கணக்கில் சேர்த்தது. அதிலிருந்து அரை மணிக்கொரு முறை, ஏறத்தாழ 10 கி.மீ. சதுரங்களில் உலகின் மழை கிடைக்கிறது.

மேற்குப் புறநகர் இந்தக் கணக்குக்குக் கடினமான இடம். நுண்ணலையில் கடல் குளிர்ந்த பின்னணி. மழைத்துளி அதன்மேல் பளிச்சென்று தெரியும். நிலம் சூடான பின்னணி. அங்கே துளி தெரியாது, மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள் சிதறடிப்பதை வைத்தே மழையை ஊகிக்க வேண்டும். உயரம் குறைந்த மேகத்தில் அந்தப் பனி அதிகம் இராது. ஆகவே கொட்டுகிற மழையும் குறைவாகப் பதிவாகும். கடலோரத்திலோ இரண்டு பின்னணியும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். ஆவடியும் பூந்தமல்லியும் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கி.மீ. தொலைவில் இருப்பவை. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் இயங்கத் தொடங்கிய டாப்ளர் ரேடார் இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது.

2015-ல் எல்லாக் கருவிகளும் சோதிக்கப்பட்டன. நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்து மண் ஊறிக் கிடந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டு, அடையாற்றின் கரைகள் மூழ்கின. நுங்கம்பாக்கத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நடுவே இருந்த 18 செ.மீ. வேறுபாட்டை நகரத்தின் ஒற்றை மழைக்கணக்கால் காட்ட முடியாது. ஏரியை ஆள்பவருக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான்.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் வறண்டன. 2018 ஜூனில் நீலமாக இருந்த புழல் ஓராண்டில் பழுப்பாகிக் கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் உலகுக்குக் காட்டின. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது.

இப்போது விண்ணின் கணக்கும் மண்ணின் கணக்கும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. இந்திய வானிலைத் துறை ஜிபிஎம் தரும் மழையளவை மழைமானிகளின் பதிவோடு இணைத்து அன்றாட மழை வரைபடம் தயாரிக்கிறது. மானி உள்ள இடத்தில் மானியின் எண் செயற்கைக்கோளைத் திருத்துகிறது. கடலிலும் மானி இல்லாத இடத்திலும் செயற்கைக்கோளே பேசுகிறது. இரண்டும் பொருந்துவதற்காக, விண்ணிலிருந்து வரும் அரைமணிக் கணக்குகளையும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையே கூட்டுகிறார்கள்.