ஒரே பலகை, பொய்ச் சட்டம்: கிச்சன் கதவிலிருந்து மாமல்லபுரம் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கதவைப் பத்தி. கோட்டைக் கதவு, கோயில் கதவு எல்லாம் இல்லைங்க. உங்க கிச்சன் கபோர்டு கதவு.

கேட்டுக்கிட்டே எழுந்து போய் அதை ஒரு தடவை பாருங்க. ஓ.எம்.ஆர். பக்கம் கேளம்பாக்கம், நாவலூர் அபார்ட்மெண்ட்டா இருந்தாலும் சரி, ஜி.எஸ்.டி. ரோட்டுல கூடுவாஞ்சேரியா இருந்தாலும் சரி, நிறைய வீட்டுல ஒரே மாதிரி டிசைன் இருக்கும். நாலு பக்கமும் ரெண்டு, ரெண்டரை அங்குலத்துக்கு ஒரு சட்டம். நடுவுல கொஞ்சம் உள்வாங்கின பலகை. அழகாத்தான் இருக்கும். ஆனா அந்தச் சட்டம் அங்கே ஒரு வேலையும் செய்யலை. மொத்தக் கதவும் ஒரே பலகை. நடுவுல இருக்கிறதை ரூட்டர் மெஷின் சுரண்டி எடுத்ததால, மிச்சம் நின்னது சட்டம் மாதிரி தெரியுது. (வைஃபை ரூட்டர் இல்லைங்க. மரத்தைக் குடையற ரூட்டர்.)

வேலையே இல்லாத ஒரு சட்டத்தை ஏன் செதுக்குறோம்? இந்தக் கேள்விதான் இன்னைக்கு நம்மளை மாமல்லபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போகப் போகுது.

சட்டம் எதுக்கு வந்தது?

மரத்தை வெட்டி, அறுத்து, காயவெச்ச பிறகும் அது காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்கில் பெரிய மாற்றம் இருக்காது. குறுக்குவாக்கில்தான் ஊதும், சுருங்கும். கார்த்திகை மழையில் பழைய வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கிட்டு, தோளால இடிச்சாத்தான் திறக்கும் இல்லையா? அதுதான் இது. கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அகலமான ஒரே பலகையில் கதவு செஞ்சா அது வளையும், இல்லேன்னா விரியும். இதுக்குத் தச்சர்கள் கண்டுபிடிச்ச வழிதான் சட்டக் கதவு. ரெண்டு நெட்டுச் சட்டம், ரெண்டு குறுக்குச் சட்டம். மூலைகளில் துளை போட்டு, கழுந்தைச் செருகி இறுக்குவாங்க. சட்டத்தோட உள்பக்கம் நீளமா ஒரு காடி எடுத்து, நடுப்பலகையை அதுல பசை போடாம செருகி விடுவாங்க. மழைக்காலத்துல பலகை ஊதினா காடிக்குள்ளேயே நகர்ந்துக்கும். கதவோட அளவு பெருசா மாறாது. அதாவது, அந்த டிசைன் முழுக்க முழுக்க மரத்தோட குணத்துக்குச் சொன்ன பதில்.

பிளைவுட்டுக்கோ எம்.டி.எஃப்.புக்கோ அந்தக் கேள்வியே கிடையாது. ஆனா பதிலை மட்டும் நாம இன்னும் செதுக்கிக்கிட்டு இருக்கோம்.

கல்லுல செஞ்ச மரவேலை

இது புதுசு இல்லை. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டுல ஒரு குடைவரைக் கோயில் இருக்கு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்கே இருக்கிற சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்ற செய்தி இதுதான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுப்பித்தான். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனோட பட்டப்பெயர்களில் ஒண்ணு. இந்தப் பட்டியலைக் கவனிங்க. அதுவரைக்கும் கோயில் கட்டப் பயன்பட்ட பொருள்கள் எதுன்னு அதுவே சொல்லிடுது.

மரம் வேண்டாம்னு கல்லுக்கு மாறியாச்சு. சரி, அப்புறம் என்ன செஞ்சாங்க? அதே நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் செதுக்கினாங்க. திரௌபதி ரதத்தைப் பாருங்க. கூரை வேய்ந்த ஒரு குடிசை, அப்படியே கல்லில். பீம ரதத்தோட கூரை, மூங்கிலையோ மரச் சட்டத்தையோ வளைச்சு மூடின வண்டிக்கூண்டு மாதிரி. கூரை விளிம்புல வரிசையா இருக்கிற லாட வடிவக் கூடுகள், மரக்கூரையோட வளைந்த முனைகளில் இருந்து வந்த வடிவம். ஒரே பாறை. எதையும் எதோடயும் இணைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இணைப்பு இருக்கிற மாதிரியே செதுக்கியிருக்காங்க. வேலை செய்யாத சட்டம், 1,300 வருஷத்துக்கு முன்னாடியே!

அவங்க ஏமாத்தலை. சாமியோட வீடுன்னா இப்படித்தான் இருக்கும்னு பார்க்கிறவங்க மனசுல ஒரு வடிவம் இருந்திருக்கும். பொருள் மாறினாலும் அந்த வடிவத்தை விட முடியலை.

இன்னொரு விஷயம். மாமல்லபுரத்தில் முடிக்காம விட்ட வேலைகள் நிறைய இருக்கு. அவற்றைப் பார்த்தா எப்படிச் செதுக்கினாங்கன்னு புரியும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிச்சு, கோட்டுல ஆழமா காடி வெட்டி, நடுவுல நிக்கிற கட்டியை உடைச்சு எடுத்திருக்காங்க. அப்புறம் அடுத்த அடுக்கு. இன்னைக்கு ரூட்டர் மெஷின் பள்ளம் எடுக்கிறதும் அடுக்கு அடுக்காத்தான்.

தேயிலைப் பெட்டியும் ஒரு தீர்ப்பும்

பிளைவுட்டோட யோசனை ரொம்பப் பழசு. எகிப்தில் சக்காரா படிப்பிரமிடில் கிடைச்ச ஒரு சவப்பெட்டியில் ஆறு மெல்லிய மர அடுக்குகள், ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வெச்சு முளை அடிச்சிருந்தாங்க. சுமார் 4,600 வருஷம் முன்னாடி. சூத்திரம் இவ்வளவுதான்: ஒவ்வொரு அடுக்கும் ஊதப் பார்க்கிற திசையில் பக்கத்து அடுக்கு இழுத்துப் பிடிச்சுக்கும். அதனால பலகை அடங்கி இருக்கும்.

இந்தியாவில் பிளைவுட் தொழில் வளர்ந்தது தேயிலைப் பெட்டியால. வடகிழக்குக் காடுகள்தான் பெரிய மூலம். தெற்கே கண்ணூர் பக்கம் வளபட்டணத்தில் 1945-ல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்குச்சு.

பிறகு வந்தது 12 டிசம்பர் 1996. நீலகிரி கூடலூர் பக்கத்துக் காடுகளுக்காக டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது. அருணாசலப் பிரதேசத்திலும், அதன் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அசாமிலும் இருந்த மர அறுவை ஆலை, வெனீர் ஆலை, பிளைவுட் ஆலைகளை மூடணும். அதுக்கப்புறம் தொழில் தோட்ட மரங்கள் பக்கம் நகர்ந்தது. ஹரியானா யமுனாநகரில் பாப்லர், கேரளா பெரும்பாவூரில் ரப்பர் மரம். இன்னைக்கு உங்க கிச்சன் கதவுக்குள்ளே இருக்கிறது பெரும்பாலும் காட்டு மரம் இல்லை, விவசாயி நட்ட மரம்.

அதே டிசம்பர் மாதம் ஈ.சி.ஆர்.ல முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. செட்டிநாட்டு, கேரள வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து மறுபடி எழுப்பின அருங்காட்சியகம். காட்டு மரம் கடைக்கு வர்ற வழி அடைபட்ட மாசத்துலயே, தேக்குக் கதவு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பொருளாவும் ஆயிடுச்சு.

மெஷின் எப்படி வெட்டுது?

ஒரு இயந்திரம் கட்டளைப்படி தானா நகர்ந்து வெட்டுறதை 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. செஞ்சு காட்டியது. விமான பாகங்களுக்காக, விமானப்படைப் பணத்தில். துளை போட்ட நாடாதான் அதோட ஃபைல். அந்த வழியில் வந்ததுதான் இப்போ சி.என்.சி. ரூட்டர்.

எட்டுக்கு நாலு ஷீட்டை மேஜையில் வெச்சு, கீழிருந்து காற்றை உறிஞ்சிப் பிடிச்சுக்குவாங்க. எந்தக் கதவு எங்கே வந்தா கழிவு குறையும்னு சாஃப்ட்வேர் அடுக்கிக் கொடுக்கும். ரேகை ஓடுற திசையையும் பார்க்கணும். இல்லேன்னா பக்கத்துப் பக்கத்துக் கதவுல ஒண்ணு நெட்டுக்கும் ஒண்ணு குறுக்கேயும் தெரியும். பிட் நிமிஷத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுத்தும். சாதாரண பிட் மேல்நோக்கி இழுத்தா மேல்தோல் பிய்ஞ்சு வரும். அதனால கம்ப்ரெஷன் பிட்: அடிப்பாதி மேலே இழுக்கும், மேல்பாதி கீழே தள்ளும், ரெண்டு முகமும் சுத்தமா வரும். அடுக்குகளுக்கு நடுவுல இருக்கிற பசை பிளேடை மழுங்கடிக்கும், அதனால கார்பைடு பிட்தான் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளைவுட்ல ஆழமா பள்ளம் எடுத்தா அடுக்குகள் வரி வரியா வெளியே தெரியும். அதனால சட்ட டிசைன் பெரும்பாலும் எம்.டி.எஃப்.லதான் செதுக்குவாங்க. சிங்க் பக்கத்துல, கடல் காத்துல, ஓரம் சரியா அடைக்கலைன்னா எம்.டி.எஃப். ஊதிடும். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. அதோட பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்கணும்ங்கிறது விதி.

மூலையைத் தொட்டுப் பாருங்க

இப்போ கிச்சனுக்குப் போய், கதவுல பள்ளத்தோட உள்மூலையில் விரலை வைங்க. கூர்மையா இருக்கா, வளைஞ்சிருக்கா? சுத்துற பிட்டால கூர்மையான உள்மூலை வெட்டவே முடியாது. 6 மில்லிமீட்டர் பிட்னா 3 மில்லிமீட்டர் வளைவு கட்டாயம் நிக்கும். மூலை கூர்மையா இருந்தா, ஒண்ணு அது நிஜமான சட்டக் கதவு. இல்லேன்னா மெஷின் நின்ன பிறகு ஒருத்தர் உளி எடுத்து அந்த மூலையை முடிச்சிருக்கார்.

அந்த ஒருத்தரைப் பத்திதான் எனக்குக் கவலை. மெஷின் வந்தது தப்புன்னு நான் சொல்ல வரலை. அளவு பிசகாம, மரம் வீணாகாம வெட்டுது. ஆனா காடி ஏன் எடுக்கிறோம், பலகைக்கு ஏன் பசை போடக் கூடாதுங்கிற காரணம் ஃபைலுக்குள்ளே கிடையாது. அது ஆசாரியோட கையில் இருந்தது. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கின அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் கல், சுதை, உலோகத்தோட மரச் சிற்பமும் இன்னும் பாடமா இருக்கு. ஆனா நம்ம கபோர்டு செய்யறவங்களில் எத்தனை பேருக்கு அப்படி உட்கார்ந்து கத்துக்க நேரம் கிடைக்கும்?

அடுத்தது தூசி. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளையும், 2004-ல் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வெச்சது. பிளைவுட், எம்.டி.எஃப். பசைகளில் பலதும் ஃபார்மால்டிஹைடால ஆனது. உளி போடுறது சுருள். ரூட்டர் போடுறது மாவு. ஷெட்டுல தூசி உறிஞ்சி இல்லைன்னா அது நேரா நுரையீரலுக்குப் போகும். பக்கத்துலயே கல் சிற்பி கிரைண்டர் பிடிக்கிறப்போ அவருக்கும் இதே கதைதான், கல்தூசியோட.

அதனால அடுத்த தடவை கொட்டேஷன் வாங்கும்போது, மைக்கா என்ன கலர், ஆட்டோ ஹிஞ்ச் என்ன பிராண்டுன்னு கேட்கிறதோட இதையும் கேளுங்க: "அண்ணா, எங்கே வெட்டுறீங்க? அங்கே தூசி உறிஞ்சுற மெஷின் இருக்கா? மாஸ்க் போடுறீங்களா?" இதைக் கேட்க நமக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

உங்க கதவோட மூலை வளைஞ்சிருந்ததா, கூர்மையா இருந்ததான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.