ஆயர் சின்னத்தில் எத்தனை குஞ்சம்?

ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்குச் சின்னம் என்பது புதிதல்ல. பக்கத்துத் திருத்தணி மலையில் சேவற்கொடியைப் பார்த்தால், அது முருகனுடையது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்பது பள்ளிப் பாடம். கத்தோலிக்க ஆயர்களுக்கும் இப்படி ஆளுக்கொரு சின்னம் உண்டு. அதை எப்படிப் படிப்பது?

12-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்கள் தங்கள் கேடயங்களில் வரைந்துகொண்ட அடையாளங்களே இதன் தொடக்கம். பிறகு திருச்சபையும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு மாற்றம்: பிரபுக்களின் சின்னத்தில் கேடயத்துக்கு மேல் போர்த் தலைக்கவசம் இருக்கும். ஆயர் போர்வீரர் அல்லவே! எனவே அவ்விடத்தில் அகன்ற தொப்பி ஒன்று வந்தது.

தொப்பியின் இருபுறமும் குஞ்சங்கள் தொங்கும். அவற்றை எண்ணினாலே பதவி தெரிந்துவிடும். பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு 6 குஞ்சமும் என்றால் ஆயர். பச்சையே, ஆனால் பக்கத்துக்கு 10 என்றால் பேராயர். சிவப்பும் 15-ம் என்றால் கர்தினால். கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவையில் ஆயருக்கு ஒரு குறுக்குச் சட்டம், பேராயருக்கு இரண்டு.

தமிழ்நாட்டின் கல்லேரியில் 1924-ல் பிறந்த சைமன் லூர்துசாமியை எடுத்துக்கொள்வோம். 1962-ல் பெங்களூரின் துணை ஆயரானார். விதிப்படி 6 குஞ்சம். 1964-ல் பேராயர் நிலைக்கு உயர்ந்தார், 10. 1985-ல் கர்தினாலானார், பச்சை சிவப்பாகி 15. ஒருவரின் வாழ்க்கை வரலாறே ஒரு தொப்பியில் அடங்கிவிடுகிறது!

தொப்பி சொல்வது பதவியை. கேடயத்துக்குள் இருப்பதோ ஆளின் மனதை. அர்ஜென்டினாவில் ஆயராக இருந்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் வைத்திருந்த கேடயத்தில் இயேசு சபையின் சூரியன், மரியாவுக்கு ஒரு விண்மீன், யோசேப்புக்கு ஒரு நளதப் பூ ஆகியவை இருந்தன. 2013-ல் அவர் திருத்தந்தையானபோது தொப்பி போய், திருத்தந்தைக்குரிய தலைப்பாகையும் சாவிகளும் வந்தன. கேடயத்துக்குள் அதே மூன்று அடையாளங்கள்தான் தொடர்ந்தன.

கர்தினால்களுக்குச் செந்தொப்பி தரும் வழக்கம் 1245-ல் தொடங்கியது. ஒரு கர்தினால் இறந்தால் அவருடைய தொப்பியைக் கல்லறைக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். அது மட்கித் தானாக விழும் வரை அங்கேயே கிடக்கும். பதவிப் பெருமை நிலைக்காது என்பதே அதன் பாடம். 1969-ல் அத்தொப்பியை வழங்குவதும் நின்றுபோனது. இப்போது அது சின்னத்தில் படமாகத் தொங்குகிறது.

இனி எங்காவது ஓர் ஆயர் சின்னத்தைப் பார்த்தால் குஞ்சங்களை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் கேடயத்துக்குள்ளும் பாருங்கள். மனிதர் அங்கேதான் இருக்கிறார்.